இரண்டு பக்கத்துக்கும் மதினி

கப்வே ஊரில், புவாச்சா குடியிருப்பில் ஒரு சாவு என்றால் முதலில் பாதிரியாருக்கு ஆள் போகும். இரண்டாவது ஆள் மொடெஸ்டா சிப்பாஷாவிடம் போகும். அவசரத்தில் சில வீட்டார் வரிசையை மாற்றிவிட்டதும் உண்டு. பாதிரியார் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. அவருக்கும் பசிக்கும்.

மொடெஸ்டா ஆண்பிள்ளைகள் விடுதிப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடமாகச் சமையல்காரி. ஐந்நூறு பையன்களுக்கு ஒரே வேளையில் ஷிமா கிண்டுகிறவள். வெள்ளை மக்காச்சோளக் களி கிண்டுவது யாருக்கும் தெரிந்த காரியம்தான். ஒரு பானை என்றால். ஆள் இறங்கிக் குளிக்கிற அளவு அண்டாவில் கட்டி விழாமல் கிண்டுவதற்குத் தோள் வேண்டும், இடுப்பு வேண்டும், மாவு எப்போது முரண்டு பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். துடுப்பு அவளுடைய தோள் உயரம். சாவு வீட்டுக்கு அதைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டுதான் வருவாள். தெருமுனையில் துடுப்பு தெரிந்ததும் ஆண்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: "வந்துட்டாப்பா. இனிமே செத்தவனுக்கும் நிம்மதி கெடையாது."

சமையல் பாதி வேலை. மீதிப் பாதி வாய்.

பெம்பா, ங்கோனி என்ற இரண்டு இனத்தாரும் ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள். அது அலுத்துப்போன பிறகு வாயால் மட்டும் குத்திக்கொள்வது என்று ஆகிவிட்டது. சிம்புயா என்பார்கள், இன்னாருக்கு இன்னார் கேலிமுறை என்று அர்த்தம். மச்சான், மதினி என்று கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்; கிண்டல் செய்ய வேண்டும்; முக்கியமாக, ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர் போய் அடுப்பைப் பார்க்க வேண்டும். துக்கம் கொண்டாடுகிறவர்கள் பாயில் உட்கார்ந்து அழுதால் போதும். முறைக்காரர் என்ன பேசினாலும் கோபிக்கக் கூடாது. அந்த வீட்டில் எந்தப் பொருளை அவர் 'பிடித்துவிட்டேன்' என்று எடுத்துக்கொண்டாலும் பிடுங்கக் கூடாது. கேட்ட விலையைக் கொடுத்து மீட்க வேண்டும். விலை பெரும்பாலும் ஒரு கோழியோ ஒரு பொட்டலம் சர்க்கரையோதான்.

சிக்னல்காரர் ஜெரே இறந்தபோது, அவர் ங்கோனி, சவப்பெட்டியை வீட்டைவிட்டு எடுக்கும் நேரத்தில் மொடெஸ்டா வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"இந்தாளு எங்க போறாரு? எங்கிட்ட வாங்கின கோடாலிய யாரு தருவா?"

"வழிய விடு, குரங்குதின்னி!" என்று பெம்பாக்காரர்களுக்கான வழக்கமான வசவைச் சொன்னார் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியிருந்தவர்.

"அட, எலிதின்னி! எலிப் பொந்து தோண்டத் தெரிஞ்ச கைக்குப் பொட்டி தூக்கத் தெரியலையே. கோணுது பாரு. கேட்டுக்குங்க ங்கோனிக்காரங்களா! உங்க பாட்டனுங்க கேடயமும் ஈட்டியுமா தெக்க இருந்து கெளம்பி வந்தாங்க. எங்க ஆளுங்ககிட்ட அடி வாங்கினாங்க. அப்புறம் ன்செங்கா இனத்துப் பொண்ணுங்க அடுப்படியில போயி உக்காந்து கூழு கேட்டே சொந்தப் பாஷைய மறந்துட்டாங்க. ஈட்டிய மட்டும் பத்திரமா வெச்சிருக்கீங்க. நாக்க எங்கய்யா வெச்சீங்க?"

மூன்று நாளாக வாய் திறக்காமல் இருந்த ஜெரேயின் மனைவி மூக்கால் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுதாள். மொடெஸ்டா உடனே எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு வழி விட்டாள். அவள் படுத்ததே அதற்காகத்தான். அன்றைக்கு ஜெரேயின் மருமகனுடைய புது பூட்ஸைப் பிடித்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொண்டே மாலை வரைக்கும் களி கிண்டினாள். அவன் மறுநாள் ஒரு பெட்டைக்கோழி கொண்டுவந்து மீட்டுக்கொண்டு போனான். பூட்ஸ் முழுக்க மாவு.

இதெல்லாம் வேறு பெண்களும் செய்கிறவைதான். மொடெஸ்டாவின் விசேஷம் வேறு. ங்கோனி வீட்டுச் சாவில் ங்கோனிக்காரர்களைக் கிழித்தவள், அடுத்த வாரம் பெம்பா வீட்டுச் சாவில் பெம்பாக்காரர்களையும் அதே வாயால் கிழிப்பாள். இரண்டு பக்கத்துக்கும் மதினி. புவாச்சாவில் அப்படி வேறு ஆள் கிடையாது.

அது அவள் கேட்டு வாங்கிக்கொண்ட பதவி இல்லை. அப்பா சிப்பாஷா பெம்பா, ரயில்வேயில் கார்டு. அம்மா நெலியா ஷாவா கிழக்கே சிபாட்டாப் பக்கத்து ங்கோனி. பெம்பாவில் பிள்ளை தாயின் குலம். ங்கோனியில் பிள்ளை தகப்பன் குலம். தாய் பெம்பாவாகவும் தகப்பன் ங்கோனியாகவும் இருந்திருந்தால் இரண்டு வீட்டாரும் போட்டி போட்டுக்கொண்டு தூக்கி வைத்திருப்பார்கள். அவளுக்கு மாறி அமைந்துவிட்டது. அப்பா வீட்டார், "நீ உங்கம்மா ஆளு" என்றார்கள். அம்மா வீட்டார், "நீ உங்கப்பா ஆளு" என்றார்கள். எல்லா வீட்டிலும் இவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை; சேர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். சிப்பாஷா வீட்டார் பார்த்தார்கள். ஷாவா வீட்டாரும் பார்க்கிறவர்கள்.

பதினாலு வயதில் அப்பா போனார். துக்கப் பாயில் அம்மா பக்கத்தில் உட்காரப் போனவளை அத்தைதான் தடுத்தாள். கெட்டவள் இல்லை, முறை தெரிந்தவள். கையில் ஒரு வாளியைக் கொடுத்தாள்.

"நீ ங்கோனிக்காரிடீ. எங்களுக்கு மதினி முறை. போ, தண்ணி கொண்டாந்து அடுப்பப் பாரு."

மொடெஸ்டா தண்ணீர் கொண்டுவந்தாள். விறகு உடைத்தாள். மூன்றாம் நாள், பெட்டியை எடுக்கிற நேரத்தில், அப்பாவின் கார்டு தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவர் பண்ணுவது போலவே பாக்கெட்டிலிருந்து இல்லாத கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "ரெண்டு நிமிஷம் லேட்டு" என்றாள். அவருடைய விசிலை எடுத்து நீளமாக ஊதினாள். ரயில்வேக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே பெட்டியைத் தூக்கினார்கள். நல்ல மதினி கிடைத்துவிட்டாள் என்று அத்தை மெச்சிக்கொண்டாள். அன்றைக்கு மொடெஸ்டா அழவில்லை. அடுப்பில் பயறு வெந்துகொண்டிருந்தது, பார்க்க வேறு ஆள் இல்லை.

அதற்கப்புறம் நாற்பது வருடம். இரண்டு பக்கத்திலும் இடமில்லை என்பதை இரண்டு பக்கத்திலும் உரிமை என்று அவள் மாற்றிக்கொண்டாள். கேட்டால் சொல்வாள்: "உங்களுக்கெல்லாம் பாதி ஊருதான் கிண்டல் பண்ணக் கெடைக்கும். எனக்கு முழு ஊரும்."

அம்மா நெலியா கடைசிப் பதினோரு வருடம் அவளோடுதான் இருந்தாள். ஒல்லியான கிழவி. ஒரு பக்கக் காம்பு உடைந்து நூல் கட்டிய கண்ணாடி. தினமும் தட்டில் வைத்த ஷிமாவை விரலால் ஒரு உருண்டை உருட்டி, வாயில் போடுமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மொடெஸ்டா, கட்டி இருக்கு" என்பாள். கட்டி இருக்காது. ஐந்நூறு பையன்கள் ஒருநாளும் ஒரு கட்டியைக் கண்டதில்லை. நெலியா மட்டும் தினமும் கண்டாள். கண்டுவிட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிப்பாள்.

ஜூன் மாதக் குளிரில் ஒரு விடியற்காலை நெலியா ஆஸ்பத்திரியில் உயிரை விட்டாள். எழுபத்தாறு வயது. மொடெஸ்டாவைத் தவிர வேறு பிள்ளை தங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, நாற்காலி மேஜைகளை வெளியே எடுத்துப்போட்டு, கூடத்தில் பாய் விரித்த கையோடு மொடெஸ்டா பின்கட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட ஆரம்பித்துவிட்டாள். சாவு என்றால் கை தானாக அங்கேதான் போகும். மூன்று கல் வைத்து, விறகு அடுக்கி, ஊதிக்கொண்டிருந்தபோது கசோண்டே வந்து நின்றார். மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருக்கிறவர். பெம்பா. முப்பது வருடமாக அவளோடு வாய்ச்சண்டை போட்டு ஒரு தடவைகூட ஜெயிக்காதவர்.

"மதினி, யாரு செத்தது?"

"என்ன கேள்வி மச்சான் இது? எங்கம்மா."

"அப்ப இங்க என்ன பண்றே?"

மொடெஸ்டா ஊதுவதை நிறுத்தினாள்.

"எந்திரி. இது எங்க அடுப்பு. ங்கோனிக் கெழவி செத்திருக்கு, பெம்பாக்காரன் வந்துட்டேன். பெத்தவளுக்காக அழ வேண்டியவ புகையில அழுதா அது எந்தக் கணக்குல சேரும்?" என்றார் கசோண்டே. குரலில் கிண்டல் இருந்தது, முகத்தில் இல்லை.

அவள் எழுந்து கை கழுவினாள். சிடெங்கே துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தின் மூலையில், துக்கக்காரர்களில் முதல் ஆள் உட்காரும் பாயில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். வருகிறவர்கள் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கலுபாம்மா, மனச விட்டுராதீங்க" என்றார்கள் சர்ச்சுப் பெண்கள். மகன் பெயரைச் சேர்த்து அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு விசித்திரமாக இருந்தது. சாவு வீட்டில் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாருடைய காலும்தான் முதலில் தெரிகிறது. இங்கேதான் இருப்பேன் என்று தீர்மானித்துக்கொண்டாள். அப்பாவுக்கு உட்காரவில்லை. அம்மாவுக்காவது உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

மறுநாள் மதியம் சிபாட்டாவிலிருந்து பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். நெலியாவின் தம்பி, லாக்சன் ஷாவா. ஓய்வுபெற்ற வாத்தியார், இருபது வருடம் கிராம வழக்குமன்றத்திலும் உட்கார்ந்தவர். கோட்டு, கைத்தடி. பின்னால் அவர் மனைவியும் ஷாவா வீட்டுப் பெண்கள் ஐந்து பேரும். வாசலிலேயே முறைப்படி குரலெடுத்து அழுதுகொண்டு நுழைந்தார்கள். கூடத்துக்கு வந்ததும் மாமா அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையைப் பார்த்தார்.

"நீ ஏம்மா இங்க உக்காந்திருக்கே? அடுப்புல யாரு?"

"கசோண்டே ஆளுங்க இருக்காங்க மாமா."

"அவங்க இருக்கட்டும். நீயும் அவங்க ஆளுதானே. நீ சிப்பாஷா மக, பெம்பாக்காரி. எங்க வீட்டுச் சாவுல உனக்கு அடுப்புதான் எடம். பாயி ஷாவா வீட்டுக்கு."

"நான் அவ வயித்துல பொறந்தவ மாமா."

"வயித்த யாரு இல்லேன்னா?" மாமா சத்தம் போடவில்லை. பாடம் எடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "உங்கப்பா பரிசமா ரெண்டு மாட்ட லாரியில ஏத்திக் கொண்டாந்து எங்கப்பா தொழுவத்துல கட்டினாரு. அத மேய்ச்சவன் நான்தான், பத்து வயசுல. ஒண்ணு செவலை, முட்டும். மாடு வந்துச்சு, புள்ள போச்சு. இத நான் உண்டாக்கல. மாட்ட வாங்கி வெச்சுக்கிட்டு, புள்ளையும் எங்களுதுன்னு சொன்னா உங்கப்பனுக்குப் பண்ற துரோகம்."

ஜன்னல் வழியாகக் கசோண்டேயின் தலை வந்தது. முழங்கை வரை மாவு.

"ஐயா எலிதின்னியாரே! எங்க முறையில புள்ள தாயிக்குத்தான். அவ உங்க ஆளு. எங்க அடுப்புக்கு அவ வேணாம், நீரே வெச்சுக்கும்!"

"குரங்கு தின்ற வாயால எனக்கு முறை சொல்லித் தராதே."

"அந்தக் குரங்குகூடக் குட்டிய அம்மா வயித்துலதான் கட்டிக்கும். மாட்டுக் கயித்துல கட்டாது."

முற்றத்தில் ஆண்கள் வெடித்துச் சிரித்தார்கள். மாமா முகம் சுளிக்கவில்லை. கேலிமுறையில் கோபிக்கக் கூடாது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவருடைய மனைவி ஏற்கெனவே பாயின் ஓரத்தில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் மொடெஸ்டாவையே பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் வெறுப்பு கிடையாது. இவள் எழுந்து போனால் தாங்களும் உட்கார்ந்து அழ ஆரம்பிக்கலாமே என்ற களைப்புதான் இருந்தது. பஸ்ஸில் பதினாலு மணி நேரம்.

மொடெஸ்டா எழுந்தாள். "சரி மாமா" என்றாள்.

பின்கட்டுக்குப் போனாள். அண்டாவில் தண்ணீர் கொதி வரத் தொடங்கியிருந்தது. கசோண்டே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். அவளுடைய துடுப்பு சுவரில் சாய்த்து வைத்திருந்தது. நாற்பது வருடம் என்று நினைத்தாள். இந்த இரண்டு வீட்டாரும் நாற்பது வருடமாக என்னை மதினி என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நான் ஊரிலேயே பெரிய மதினி ஆகிவிட்டேன். இன்றைக்கும் மதினிதானாம். மதினி என்றால் என்னென்ன செய்யலாம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

துடுப்பை எடுத்துத் தோளில் சாய்த்தாள்.

முன்வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தாள், வெளியாள் வருவது மாதிரி. ஆண்கள் கூட்டத்தைத் தாண்டும்போதே குரல் ஏறிவிட்டது. புவாச்சா முழுக்கத் தெரிந்த குரல்.

"யாருய்யா இந்தச் சாவு வீட்டுக்குப் பெரியவரு? பெம்பாக்காரி வந்திருக்கேன், சிப்பாஷா மக! ரெண்டு மாட்டுக்கு வித்த புள்ள வந்திருக்கேன், வெளிய வாங்கய்யா!"

யாரோ சீட்டி அடித்தார்கள். கூடத்துக்குள் நுழைந்து, மூலையில் இருந்த பாயின் நுனியைத் துடுப்பால் தட்டினாள்.

"அத்தே, கால எடுங்க. இந்தப் பாயப் புடிச்சுட்டேன். பாயி விரிச்ச மூலையையும் புடிச்சுட்டேன். அங்க இருந்து பாத்தா என்னென்ன தெரியுமோ அதையும் புடிச்சுட்டேன்."

மாமாவின் மனைவியான இந்த அத்தைக்கும் முறை தெரியும். முறைக்காரி கை வைத்த பொருளைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. திடுக்கிட்டு எழுந்துகொண்டாள். மொடெஸ்டா பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துடுப்பை மடிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"மதினி புடிச்ச பொருளப் புடுங்குற ஆம்பளை யாராவது ஷாவா வீட்டுல இருந்தா வரட்டும்."

மாமா இரண்டடி முன்னால் வந்தார். "சரிம்மா, மீட்டுக்கறேன். என்ன வேணும்? கோழியா? ஆடா?"

"வெலைய எங்கம்மாவப் பொதைச்சுட்டு வந்து சொல்றேன்."

மாமா மனசுக்குள் கணக்குப் போட்டார். முறைக்காரி என்றால் அவளை எழுப்ப முடியாது. விலை சொல்லும்வரை பாய் அவளுடையது. முறைக்காரி இல்லை என்றால் பிறகு அவள் யார்? மகள். மகளை எழுப்ப முடியாது. இருபது வருடம் வழக்குக் கேட்டவருக்கு இது விளங்க எவ்வளவு நேரம் ஆகும்? கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "யாராச்சும் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஆண்களோடு மரக்கட்டையில் உட்கார்ந்தார். ஷாவா வீட்டுப் பெண்கள் இடம் பார்த்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அத்தைகூட, கொஞ்சம் தள்ளி.

அப்புறம்தான் மொடெஸ்டா அழுதாள். சத்தமாக, துணி நுனியைக்கூட எடுக்கத் தோன்றாமல் மூக்கு ஒழுக அழுதாள். அம்மாவுக்கு அழுததில் பாதி அப்பாவுக்கும் போயிருக்கும்.

அரைமணி கழித்து ஜன்னலில் கசோண்டே.

"மதினி, துடுப்பையாவது குடு. மாவு போடணும்."

"துடுப்பும் புடிபட்டதுதான் மச்சான்."

"அடிப் பாவி, நான் உம் பக்கம்டீ!"

"எம் பக்கம்னு ஒண்ணு ஏது? போங்க, போய்க் கிண்டுங்க."

அவர்கள் ஒரு மண்வெட்டிக் காம்பைக் கழுவிக் கிண்டினார்கள். தையல்காரர், ஒரு மெக்கானிக், மார்க்கெட்டில் தக்காளி விற்கிற இரண்டு பெண்கள். அண்டா அவர்களைக் கிண்டியது என்று சொல்வதுதான் சரி. பாயில் இருந்தபடியே மொடெஸ்டாவுக்குச் சத்தத்தை வைத்தே எல்லாம் தெரிந்தது: மாவை அள்ளிப் போடுகிறார்கள், தூவவில்லை; தீ அதிகம்; இப்போது கிண்டுவதை நிறுத்தியிருக்கக் கூடாது. இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தாள். பக்கத்துக்கு நகர்ந்து வந்திருந்த அத்தை முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். "உக்காரும்மா. எப்படியோ கிண்டட்டும்" என்றாள்.

சாப்பாடு வந்தது. கபென்டா மீன், முட்டைகோஸ், ஷிமா. ஷிமாவில் ஒவ்வொரு கட்டியும் கோழிமுட்டை அளவு. எல்லாரும் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு உருவம் வந்து நின்றது. நெலியாவின் பச்சை சிடெங்கே, நெலியாவின் தலைத்துணி, நூல் கட்டிய கண்ணாடி. உள்ளே கசோண்டே. கிழவி நடக்கிற மாதிரியே இடுப்பில் கையை வைத்து நடந்துவந்து, மொடெஸ்டாவின் தட்டிலிருந்து ஒரு உருண்டை உருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"மொடெஸ்டா," என்றார் நெலியாவின் குரலில், "கட்டி இருக்கு."

முதலில் சிரித்தது மொடெஸ்டாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துடுப்பு மடியிலிருந்து உருண்டு விழச் சிரித்தாள். வெளியே மரக்கட்டையில் மாமாவின் தோள்களும் குலுங்கின. இத்தனை வருடம் அடுத்தவர்களுக்கு அவள் செய்துகொடுத்தது இதுதான். வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. "ஜெயிச்சுட்டீங்க மச்சான்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. முப்பது வருடத்தில் முதல் தடவை. கசோண்டே கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக மடித்து அவள் கையில் கொடுத்தார். அவள் தட்டில் இருந்ததை, கட்டி உட்பட, ஒரு துளி விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

அடக்கம் மூன்றாம் நாள் காலை. கிளம்புவதற்கு முன் மாமா மரக்கட்டையில் உட்கார்ந்து, கசோண்டேயிடம் பேனா வாங்கி, ஒரு நோட்டுத் தாளில் பட்டியல் எழுதினார். குழி மூடியபின் யார் யார் எந்த வரிசையில் வந்து பூ வைக்க வேண்டும் என்ற பட்டியல். அது வீட்டுப் பெரியவர் எழுதுவது; அதில் எந்தத் தலைப்பின் கீழே பெயர் இருக்கிறதோ அதுதான் அந்த ஆளுடைய முறை. மொடெஸ்டா ஜன்னலிலிருந்து பார்த்தாள். வாத்தியார் கையெழுத்து, தூரத்திலிருந்து பார்த்தாலே வரி நேராக இருந்தது. எங்கே எழுதுகிறார் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பாயில் உட்கார்ந்தாயிற்று, அதை இனி யாரும் எழுதி அழிக்க முடியாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாலும் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் மேட்டைத் தட்டிச் சமப்படுத்தியபின் சர்ச்சு டீக்கன் தாளைப் பிரித்தார்.

"பிள்ளைகள்," என்று படித்தார். "மொடெஸ்டா சிப்பாஷா."

அவள் போய் மண்டியிட்டு, மண்ணில் குழி பண்ணிப் பூவை நட்டாள். தலைப்பின் கீழே அந்த ஒரு பெயர்தான். திரும்பி வந்தபோது மாமா தன் கைத்தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரப்பிள்ளைகள் போனார்கள். ஷாவா வீட்டார், சர்ச்சுப் பெண்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். கடைசியில் டீக்கன், "பெம்பா முறைக்காரர்கள்" என்றார். "கசோண்டே. மூசா மெக்கானிக். மொடெஸ்டா..."

நிறுத்தினார். தாளைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதினத வாசிங்க டீக்கன்," என்றார் மாமா. "பள்ளிக்கூடத்துல நாப்பது வருஷம் தப்பு திருத்தினவன் நான். அதுல தப்பு கெடையாது."

"மொடெஸ்டா சிப்பாஷா" என்று முடித்தார் டீக்கன்.

"போ மதினி, ரெண்டாவது ஆட்டம்" என்று கசோண்டே முழங்கையால் இடித்தார்.

இரண்டாவது தடவை போனபோது அவள் மண்டியிடவில்லை. முறைக்காரி மண்டியிட மாட்டாள். கால் அகட்டி, இடுப்பில் கை வைத்து, மேட்டைப் பார்த்துக் குனிந்தாள்.

"ஏய் ங்கோனிக் கெழவி!" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற குரலில். "பதினோரு வருஷமா பொய் சொன்னியே. நேத்துதான் நெசமாவே கட்டி இருந்துச்சு. அதத் திங்க நீ இல்லாம போயிட்டியே."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள், மூக்கைச் சிந்தியபடி.

ஊருக்குக் கிளம்பும்போது மாமா பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டார்: "பாயோட வெல என்னம்மா? ஷாவா வீட்டுக்காரன் கடனோட ஊருக்குப் போகக் கூடாது."

"யோசிச்சுச் சொல்றேன் மாமா."

அது நடந்து நாலு வருடம் ஆகிறது. மொடெஸ்டா பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றுவிட்டாள். சாவு வீடுகளில் ஓய்வு கிடையாது. போன வாரம்கூட ஒரு பெம்பா வீட்டில் சவப்பெட்டி வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அரைமணி நேரம் வம்பு பண்ணினாள். பாய் அவள் வீட்டில் சுருட்டிச் சுவர் ஓரம் நிற்கிறது, பக்கத்தில் துடுப்பு. ஒவ்வொரு வருடமும் மக்காச்சோள அறுவடை முடிந்ததும் சிபாட்டாவிலிருந்து மாமா போன் செய்கிறார். மழை, மாடு, முழங்கால் வலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்கிறார்:

"என்னம்மா, வெலைய முடிவு பண்ணிட்டியா?"

"என்ன அவசரம் மாமா? இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நல்லா யோசி," என்கிறார் அவர். "அடுத்த வருஷம் கேக்கறேன்."